மூன்றாம் தரத்துக்கு முன்

அன்புள்ள பெலிக்ஸ்,

நீ சொல்லிவிட்டுப் போன வேலை முடிந்தது. வீடு காலியாகிவிட்டது. உன் பெரியப்பா செவ்வாய்க்கிழமை காலையில் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு உட்லண்ட்ஸுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சாவி என்னிடம் இருக்கிறது. நீ தெரிந்துகொள்ள விரும்புவது இவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். புரூணையில் வெள்ளிக்கிழமை உனக்கு வேலை கிடையாது என்றாயே, அன்றைக்கு உட்கார்ந்து நிதானமாகப் படி. ஊருக்குத் திரும்பியதும் பிரிஜிட்டிடமும் படிக்கக் கொடு. நம் குடும்பத்துக்கு வரப்போகிறவள் அவள். அவளிடம் மறைக்க வேண்டியது இதில் ஒன்றும் இல்லை.

ஏலம் நடந்த அன்று சாயந்திரம் நீ சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாய். "எடுத்துட்டேன்மா" என்றாய். எதை என்று கேட்டேன். "அந்த வீட்டை. கம்போங் கப்பூர் வீட்டை. பேங்க் ஏலத்துல" என்றாய். நீ அங்கே போவாய் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே முழுவதையும் சொன்னாய். பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மருமகன். விலை கேட்டவர்கள் ஒவ்வொருவராக விலகிவிட, வீடு தங்களுக்கே திரும்பி வந்துவிட்டது என்று மருமகன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். நீ பின்னால் தூணோரம் நின்றிருந்தாய். "ஏலக்காரன் மூணாவது தரம் சொல்ல வாயத் தெறந்தான்மா. அப்பத்தான் கேட்டேன். அப்பா மாதிரியே. அவங்ககிட்ட அதுக்கு மேல ஒரு காசு இல்ல." பிறகு சிரித்தாய். "பெரியப்பா திரும்பிப் பாத்தாரும்மா. என் மூஞ்சிய நல்லாப் பாத்தாரு."

நான் ஒன்றும் சொல்லாமல் அடுப்பங்கரைக்குப் போனது உனக்கு வருத்தம். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று பிரிஜிட்டிடம் சொன்னாயாம். அப்படி இல்லை, ராசா. அந்தச் சிரிப்பை நான் இதற்கு முன்னால் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த இடத்தையும் நேரத்தையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செம்பாவாங் கடற்படைத் தளத்தில் உன் அப்பா ஸ்டோர் கிளார்க்காகவும் பெரியப்பா தச்சராகவும் இருந்தது உனக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரர்கள் தளத்தை விட்டுப் புறப்பட்டபோது இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் வேலை போயிற்று. தளத்தை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்கள் அப்போது ஊருக்குக் கப்பல் ஏறின. நாம் ஏறாமல் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டோம். அதற்கு உன் அப்பாதான் காரணம். ஆபீசர்கள் விட்டுப்போன வீடுகளில் கட்டில், அலமாரி, மின்விசிறி, ஐஸ்பெட்டி எல்லாம் ஏலத்துக்கு வந்தன. வேலையை விட்டு அனுப்பியபோது கொடுத்த பணத்தை அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் போட்டார்கள். கம்போங் கப்பூரில் ஒரு கடைவீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். மூத்தவர் என்பதால் வாடகை ஒப்பந்தம் பெரியப்பா பேரில். கீழே பழைய சாமான் கடை. மேலே ஒரு பலகைத் தடுப்பு, இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். ஒரே அடுப்பங்கரை. நீயும் பெரியப்பா மகன் ஸ்டீபனும் ஒரே மேசையில் படித்தீர்கள். அப்பா ஏலத்தில் எடுத்து வருவார். பெரியப்பா உடைந்ததை ஒட்டி, இழைத்து, வார்னிஷ் பூசி விற்பார். மூன்று வருஷம் நன்றாகத்தான் ஓடியது.

ஏலத்தில் அப்பா எப்படி எடுப்பார் என்று நீ மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாய். நான் கூடப் போயிருக்கிறேன். தனக்கு வேண்டிய பொருளின் பக்கம் அவர் போகவே மாட்டார். வேறெதையாவது தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏலம் தொடங்கி, கேட்பவர்கள் ஐந்தும் பத்துமாக ஏற்றிக்கொண்டே போகும்போது கொட்டாவி விடுவார். ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லிச் சுத்தியலைத் தூக்குவார்கள் பார், அப்போதுதான் கை தூக்குவார். அதுவும் ஐந்து பத்து அல்ல, ஒரே தாவலாக ஏற்றிக் கேட்பார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருந்தவனுக்குத் தூக்கிவாரிப் போடும். அவன் மனசுக்குள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் சுத்தியல் விழுந்துவிடும். "எவ்வளவு ஆசைன்னு எவனுக்கும் தெரியக்கூடாது. முதல்ல கை தூக்குறவன் தன் ஆசைய ஊருக்குச் சொல்றான்" என்பார்.

ஆனால் அவருக்கும் ஓர் எல்லை இருந்தது. பஸ்ஸில் போகும்போதே என்னிடம் சொல்லிவிடுவார், இந்தப் பொருளுக்கு இவ்வளவு, அதற்கு மேல் இல்லை என்று. அதைத் தாண்டப் போனால் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுக்க வேண்டியது என் வேலை. இழுத்தால் உடனே கையை இறக்கிவிடுவார். ஒரு தேக்கு அலமாரிக்காக ஒரு சீனக் கிழவரோடு போட்டி வந்தது. நான் இழுத்தேன், அப்பா நிறுத்திவிட்டார். வெளியே வந்ததும் கிழவர் எங்கள் இரண்டு பேருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, "உன் பெண்டாட்டி இல்லை என்றால் நான் இன்றைக்குச் செத்தேன்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். முகம் தெரியாதவர்களோடு போட்டி போட்டு ஜெயிக்கலாம், தோற்கலாம், சேர்ந்து கோப்பியும் குடிக்கலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை, பெலிக்ஸ். நீ கற்றுக்கொண்ட வித்தையை நான் குறை சொல்லவில்லை.

வித்தை மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது, அதுதான் கேடு. மனசில் இருப்பதை முதலில் சொல்பவன் தோற்பான் என்று அப்பா வீட்டிலும் நம்பத் தொடங்கினார். தோ பாயோவில் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு மனு போடலாம் என்று நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். சரி என்றும் சொல்லமாட்டார், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். மனுக் கொடுக்கக் கடைசி நாளன்று நான் புடவை மாற்றிக்கொண்டு நின்றபோது, "வேணாம்" என்றார். அண்ணனிடமும் அப்படித்தான். கடையில் தன் பங்கு என்ன, பிற்பாடு யாருக்கு என்ன என்று இரண்டு பேரும் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஒருவர் பேசட்டும் என்று மற்றவர் காத்திருந்தார்.

வீட்டுக்காரச் சீனக் கிழவி இறந்தாள். அவள் பிள்ளைகள் வீட்டின் மேல் வாங்கிய கடனைக் கட்டவில்லை. பேங்க் வீட்டை ஏலம் போடப் போவதாகக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது பெரியப்பா, "எவன் வாங்கினா நமக்கு என்னலா? பழைய வாடகைச் சட்டம் இருக்கு, நம்மள எழுப்ப முடியாது. நாம ஏலத்துக்குப் போக வேணாம்" என்றார். அப்பா, "சரிண்ணே. நமக்கு எதுக்கு" என்றார். இருவரும் மீன் குழம்பை இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டார்கள். நான்தான் பரிமாறினேன். இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

ஏலத்தன்று காலையில் அப்பா என்னைப் புறப்படச் சொன்னார். ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு மாடிக் கூடம். பஸ்ஸில் கேட்டேன், அத்தானிடம், அதாவது உன் பெரியப்பாவிடம், சொல்லவில்லையா என்று. "வாடகை அவன் பேர்ல. நாளைக்கு வெளிய போன்னா, நான் எங்க போவேன்? வீடு என் பேர்ல இருந்தா அவனை நான் போகச் சொல்லமாட்டேன்" என்றார். இதையே அண்ணனும் நினைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. எல்லை அறுபதாயிரம் என்றார். அவ்வளவுக்குத்தான் கடன் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருந்தார்.

கூடத்தில் ஆள் கொஞ்சம்தான். விலை ஐம்பதைத் தாண்டும்போது பெரும்பாலானோர் விலகிவிட்டார்கள். சுத்தியல் மேலே போனது. அப்பா கை தூக்கினார். சுத்தியல் நின்றது. மறுபடி மேலே போனது. இப்போது பின்வரிசையிலிருந்து வேறொரு கை, இவரைப் போலவே கடைசி நொடியில். திரும்பிப் பார்த்தேன். நம் கடைக்கு வார்னிஷ் விற்கும் ஆ செங். அவனுக்கு வீடு வாங்க வக்கு ஏது? அவன் ஒவ்வொரு தடவையும் கேட்பதற்கு முன் வாசலைப் பார்த்தான். வாசலுக்கு வெளியே, நடையில், உன் பெரியப்பா நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். எல்லையைத் தொட்டாயிற்று. "என்னங்க, அது அத்தானோட ஆளு. அத்தான் வெளிய நிக்கிறாரு" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

என் விரல்களைச் சட்டையிலிருந்து பிரித்து எடுத்துவிட்டு மறுபடி கை தூக்கினார். மறுபடி. மறுபடி. அந்தக் கூடத்தில் வேறு யாரும் கேட்கவில்லை. இரண்டு கைகள்தான் ஏறிக்கொண்டிருந்தன. எண்பத்தெட்டாயிரம் என்று கேட்டுவிட்டு அப்பா ஓரக்கண்ணால் வாசலைப் பார்த்தார். ஆ செங்கும் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை. வீடு அப்பாவுக்கு விழுந்தது. கையெழுத்துப் போட்டு, முன்பணம் கட்டிவிட்டு, பஸ் ஏறினோம். அவர் சிரித்தார். "அண்ணன் மூஞ்சியப் பாத்தியா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ கேட்ட கதை வேறு. அறுபதுக்கு மேல் எந்த பேங்கும் தரவில்லை. கெடு தாண்டியது, முன்பணம் போனது. என் நகை அதில்தான் போனது. வீட்டை இரண்டாவது தடவை ஏலம் போட்டபோது விலை விழுந்து கிடந்தது. ஆ செங்கைக் கேட்க வைத்து, பெரியப்பா அதைத் தன் பேருக்கு மலிவாக எடுத்தார். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அப்பாதான் தர வேண்டும் என்று பேங்க் வக்கீல் எழுதினார். கடையில் நம் பங்குச் சாமான்கள் ஒரே சனிக்கிழமையில் வந்த விலைக்குப் போயின. நாம் தஞ்சோங் பகாரில் ஓரறை வாடகை வீட்டுக்குப் போனோம். அப்பா துறைமுகக் கோடவுனில் காவல் வேலைக்குப் போனார். ஐந்து வருஷம் கழித்து அந்தக் கோடவுன் வாசலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போனார்.

அந்த ஐந்து வருஷமும் அவர் உன்னிடம் சொன்னது ஒன்றுதான்: "உன் பெரியப்பன் மறைவா ஆள் வெச்சு விலைய ஏத்தி என்னைக் கவுத்துட்டான். எனக்குத் தெரியவே தெரியாது." முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோது என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன். எல்லாம் போன மனுஷனிடம் அந்தக் கதையையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அடக்கத்தன்று பெரியப்பா நம் மாடியின் நடை வரை வந்தார். பத்தொன்பது வயசில் நீ வாசலை மறித்து நின்றாய். "எங்கப்பாவக் கொன்னவரு உள்ள வரக்கூடாது" என்றாய். அவர் உன்னைத் தாண்டி என்னைத்தான் பார்த்தார். பிறகு திரும்பி, லிப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கிப் போனார்.

இப்போது நீ சொன்னபடி, போன ஞாயிறு பூசை முடிந்ததும் கம்போங் கப்பூருக்குப் போனேன். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தப் படி ஏறினேன். பலகைத் தடுப்பு இல்லை. மற்றபடி அதே வீடுதான். ஸ்டீபன் வீட்டைப் பேங்கில் அடகு வைத்து லாரி வாங்கி, கட்டட வேலைகள் நின்றுபோனதும் கடன்காரர்களுக்குப் பயந்து எல்லை தாண்டி ஜொகூரில் எங்கோ இருக்கிறானாம். பெரியம்மா போய் இரண்டு வருஷம். பெரியப்பா தனியாக இருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது.

"வா, உக்காரு. காலி பண்ணச் சொல்லத்தானே வந்தே?" என்றார்.

"ஆமா அத்தான்."

"என் மக கழுத்துல கெடந்ததை வித்துட்டு வந்து ஏலத்துல உக்காந்தோம். உன் மகன் தூணுக்குப் பின்னால திருடன் மாதிரி நின்னான். முன்னாடி வந்து ஒரு வார்த்தை, பெரியப்பா எனக்கு வேணும்னு கேட்டிருந்தா, நாங்க போட்டிக்கே போயிருக்க மாட்டோம்லா."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஒண்ணு கேக்கணும். தம்பி சவரி செத்த அன்னைக்கே கேக்கத்தான் வந்தேன். அன்னைக்கு ஏலத்துல அவனுக்குத் தெரியுமா? எதிர்ல நான்தான்னு?"

தெரியாது என்று சொன்னால் உன் அப்பாவின் பெயர் அப்படியே இருக்கும். வாய் வரை வந்தது. ஆனால் தூணுக்குப் பின்னால் நீ நின்றது என் கண்ணில் நின்றது.

"தெரியும் அத்தான். நான்தான் சொன்னேன். எனக்கு முந்தியே அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு அறுபதுக்கு மேல வக்கில்ல. ஆ செங் கண்ணாலயே கேட்டான், நிறுத்தவான்னு. சவரி கை தூக்குறதப் பாத்தேன். என்னால நிறுத்த முடியல. எப்பவும் அவன்தானே எடுப்பான். ஊரெல்லாம் அவன் பேரு. நான் கீழ உக்காந்து இழைச்சிக்கிட்டே இருப்பேன். ஒரு தடவை எங்கிட்ட தோக்கட்டும்னு நெனச்சேன்."

"அப்புறம் ரெண்டாவது தடவை எடுத்தீங்களே?"

"வேற எவனாவது எடுத்து இடிச்சுட்டான்னா ரெண்டு பேரும் தெருவுல நிப்போம். எடுத்துட்டு, மேல வந்து இருடான்னு சொல்லலாம்னு இருந்தேன். அவன் மொதல்ல கேக்கட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள மூட்டை கட்டிட்டான்."

அவர் அழவில்லை. நானும் அழவில்லை. "கேடுகெட்ட பயலுங்க, ரெண்டு பேரும்" என்றார். பிறகு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். முதல் நாள் சோற்றுக்கு ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டோம்.

பெலிக்ஸ், ஏலம் முடிந்தால் முடிந்ததுதான். வீட்டைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கவில்லை. நீ வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம், சட்டப்படி கேட்டாய், உனக்கு விழுந்தது. ஆனால் அப்பாவுக்காக எடுத்தேன் என்று இனிமேல் சொல்லாதே. அப்பாவை யாரும் கொல்லவில்லை. எதிரில் நிற்பது யார் என்று தெரிந்துதான் அவர் கை தூக்கினார். நீயும் தெரிந்துதான் தூக்கினாய். அவருக்காவது சட்டையை இழுக்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தது. நீ என்னிடம் சொல்லாமல் போய்விட்டாய்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். பிரிஜிட் உன்னிடம் ஏதாவது கேட்டால், அன்றைக்கே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடு. உனக்கு ஒன்று வேண்டும் என்றால் நீயே முதலில் கேள். மறுத்துவிடுவாள், சிறுமைப்பட்டுப் போவோம் என்று பயப்படாதே. வீட்டுக்குள் முதலில் வாய் திறப்பவன் தோற்பதில்லை. உன் அப்பா இதை நம்பியிருந்தால் அவரோடு இன்னும் கொஞ்ச வருஷம் வாழ்ந்திருப்பேன். நான் கோவிலுக்கு வருவேன், உன் பக்கத்தில் நிற்பேன். ஆனால் அந்த வீட்டுக்குக் குடிவர மாட்டேன். தஞ்சோங் பகார் ஓரறையே எனக்குப் போதும். இதில் பேச்சுக்கு இடமில்லை. கடைசி நாள் வரை காக்க வைக்காமல் இப்போதே சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் உதவிக்கு நானும் போனேன். மழை. கட்டில், ஒரு மேசை, பெரியம்மாவின் படம், நான்கு அட்டைப் பெட்டிகள், அவ்வளவுதான் லாரியில் ஏறின. லாரிக்காரன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். மருமகன், "ஏறுங்க மாமா, நேரமாச்சு" என்றார். பெரியப்பா ஏறவில்லை. கட்டி வைத்த பெட்டி ஒன்றைப் பிரித்து இழைப்புளியை வெளியே எடுத்தார். கீழ்வாசல் கதவைக் கழற்றித் தரையில் படுக்கப் போடச் சொன்னார். மழையில் ஊறி உப்பிக் கிடந்த அதன் அடிப்பக்கத்தை, முழங்கால் போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க இழைத்தார். சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. எதற்கு அத்தான் இப்போது என்று கேட்டேன்.

"மழை நாள்ல இது இறுக்கிக்கும்மா. நாம பழகுனவங்க, தோள வெச்சுத் தள்ளுவோம். வர்ற பொண்ணு கையில புள்ளையும் வெச்சுக்கிட்டு எப்படித் தெறப்பா?"

கதவை மாட்டி, இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, மரத்தூளைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தார். லாரி திரும்பி சிராங்கூன் ரோட்டில் கலந்தது.

அந்தக் கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினாலே திறந்துகொள்கிறது. நீ வந்து பார்.

உன் அம்மா